பன்னிரண்டாம் நம்பர் அறையில் ஒரு வெளிநாட்டுக்காரர்

"இது மூணாவது தடவை. இன்னைக்கும் கோட்டை விட்டா, மறுபடி முதல் வருஷத்துல இருந்துதான்," என்றார் பேராசிரியை.

"இந்தத் தடவை விட மாட்டேன் மேடம்," என்றாள் அவள். குரல் மட்டும் தைரியமாக இருந்தது.

இரண்டாம் மொழி கற்பித்தல் படிப்பின் கடைசிச் செய்முறைத் தேர்வு அது. தமிழே தெரியாத ஒரு வெளிநாட்டுக்காரரை உட்கார்த்தி வைப்பார்கள். ஒரு மணி நேரம். வேறு எந்த மொழியிலும் வாயைத் திறக்கக் கூடாது. முடிவில் அவர் ஒரு முழு வாக்கியமாவது தமிழில் பேச வேண்டும். அதைக் கைப்பேசியில் பதிவு செய்து கொடுத்தால் தேர்ச்சி. முதல் தடவை வந்தவர் தூங்கிவிட்டார். இரண்டாவதாக வந்த அம்மாள் பாதியில் எழுந்து போனவர்தான், இன்னும் திரும்பி வரவில்லை. இதில் தேறினால்தான் அடுத்த மாதம் மொழிப்பள்ளியில் வேலை.

"பரீட்சைப் பிரிவுல சொல்லியாச்சு. பத்து மணிக்குப் பன்னிரண்டாம் நம்பர் ரூம்ல ஆள் இருப்பார். நான் வரல. நான் பக்கத்துல இருந்தா நீ உளறுவே."

குடை, சீப்பு, ஆப்பிள், பொம்மை நாய் என்று பாட சாமான்களை எல்லாம் முதுகுப்பையில் திணித்துக்கொண்டு, வெயிலுக்குத் தொப்பியும் மாட்டிக்கொண்டு ஓடினாள்.

அறையில் ஒருவன் கோட்டும் டையுமாக நின்றிருந்தான். நெற்றியில் வியர்வை ஆறாக ஓடியது, ஆனாலும் முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்தான். இந்தப் புழுக்கத்தில் கோட்டு மாட்டுகிறவன் வெளிநாட்டுக்காரனாக இல்லாமல் வேறு யாராம்?

கைப்பேசியில் பதிவை ஓடவிட்டு, "வ...ணக்...கம்," என்றாள்.

"வ...ணக்...கம்," என்றான் அவனும், அதே இழுவையில்.

அடடா! எடுத்த எடுப்பிலேயே பிடித்துக்கொண்டானே! அவள் குடையை எடுத்து நீட்டினாள். "குடை."

"குடை," என்று தலையாட்டினான். "நல்ல குடை."

'நல்ல' என்று யார் சொல்லிக் கொடுத்தது? விமான நிலையத்தில் காதில் விழுந்திருக்கும் என்று சமாதானம் செய்துகொண்டாள்.

அதற்குள் அவன் கதவைத் திறந்து, 'வாருங்கள்' என்பது போலக் கையைக் காட்டினான். 'கற்பவர் ஆர்வம் எங்கே போகிறதோ, அங்கே நீயும் போ' என்று மேடம் தலையில் குட்டிக் குட்டிச் சொன்ன பாடம். போனாள்.

"மரம்," என்றான் அவன் ஜன்னல் வழியே காட்டி. "பெரிய மரம். நூறு வருஷம்." பத்து விரலையும் பத்து முறை விரித்து மூடினான்.

"நூ...று வ...ரு...ஷம்," என்று உச்சரிப்பைத் திருத்திக் கொடுத்தாள். அவன் கைதட்டினான். அவளும் கைதட்டினாள்.

"படி. கவனம்," என்றான். "க...வ...னம்," என்றாள். "இது நூலகம். புத்தகம் நிறைய," என்றான். "நிறை...ய!" என்றாள். என்னடா இது, மூளையா வேறு ஏதாவதா! அவளுக்குத் தன் மேலேயே மரியாதை வந்துவிட்டது. இரண்டு வருஷமாகத் தன்னிடம் இப்படி ஒரு திறமை ஒளிந்திருந்ததே தெரியாமல் போச்சே!

மணி பதினொன்று. அவன் வாசலில் நிமிர்ந்து நின்று, நெஞ்சில் கை வைத்தான்.

"எங்க பல்கலைக்கழகத்துக்கு வந்ததுக்கு ரொம்ப நன்றி. மறுபடியும் வாங்க."

'எங்க' இல்லை, 'உங்க' என்று சொல்லியிருக்க வேண்டும். 'வாங்க' இல்லை, 'வரேன்'. போகட்டும், புதிதாகக் கற்கிறவர்கள் எல்லாரும் இடறுகிற இடம்தான். பதிவாகிவிட்டது, அது போதும்.

"நீங்க... ரொம்ப... நல்லா... பேசறீங்க," என்றாள், ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி.

அவன் வாயைப் பிளந்தான். கண் கலங்கிவிட்டது, பாவம்.

அவள் தூணுக்குப் பின்னால் ஓடி மேடத்தை அழைத்தாள். "மேடம்! ஒண்ணு இல்ல, ஏழெட்டு வாக்கியம்! எல்லாம் ரெக்கார்ட் ஆயிருக்கு!"

"நிஜமாவா? முப்பது வருஷத்துல அப்படி ஒரு ஆளை நான் பாத்ததே இல்லையேம்மா!"

பதில் சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நின்றாள். தூணுக்கு அந்தப் பக்கம் யாரோ போனில் படபடவென்று பொரிந்துகொண்டிருந்தார்கள்.

"அம்மா, நான் பாஸ்! பன்னிரண்டாம் நம்பர் ரூமுக்கு வர்ற டூரிஸ்ட் ஒருத்தரைத் தமிழ்லயே சுத்திக் காட்டணும்னாங்க இல்ல, சுற்றுலா மேலாண்மை பிராக்டிகல்ல? மூட்டை முடிச்சோட ஒரு பொண்ணு வந்துச்சும்மா. வரும்போது 'வணக்கம்' கூட ஒழுங்கா வரல. நான் சுத்திக் காட்டின ஒரு மணி நேரத்துல, போகும்போது என்னையே 'ரொம்ப நல்லா பேசறீங்க'ன்னு தமிழ்ல பாராட்டிட்டுப் போகுதும்மா!"