யார் அனுப்பிய சீட்டு?

மிளகாய்ச் செடியின் இலை ஒன்றில், செல் எனும் கண்ணுக்குத் தெரியாத ஓர் அறைக்குள், புரதம் செய்யும் ரைபோசோம் ஒன்று வேலை பார்த்து வந்தது. வருகிற சீட்டைப் படிக்கும். அதில் எழுதியிருப்பதை அப்படியே செய்து கொடுக்கும். யார் அனுப்பியது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

ஒருநாள் காலை, சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி ஒன்று இலையைக் குத்தியது. அதன் வாயில் ஒட்டியிருந்த வைரஸ் சீட்டு ஒன்று அந்த ஓட்டை வழியே உள்ளே விழுந்தது.

"என்னைக் கொஞ்சம் படிங்களேன்," என்றது சீட்டு.

"அதுக்கென்ன, வேலைதானே. வா," என்றது ரைபோசோம்.

படித்து முடித்ததும் எதிரே, சீட்டைப் படியெடுக்கும் பாலிமரேஸ் என்றொரு புது ஆள் எழுந்து நின்றது. ஒரு கும்பிடுகூடப் போடவில்லை. சீட்டைப் பிடுங்கி அதற்கு எதிர்ப்படி ஒன்று எழுதியது. பிறகு அந்த எதிர்ப்படியைப் பார்த்துப் பார்த்து, அதே சீட்டின் நேர்ப்படிகளாக எழுதித் தள்ளியது. அறைக்குள் மூச்சு முட்டியது.

"தம்பி, இதுல தப்பு இருக்கே..." ரைபோசோம் ஒரு படியை எடுத்துக் காட்டியது.

"இருக்கட்டும் அண்ணே. நூறுல பத்து தேறினாப் போதும்."

அறையின் பச்சை வெளுத்துக்கொண்டே வந்தது. ரைபோசோம் படிகளைத் தள்ளிவிட்டுக் கத்தியது: "இனிமே ஒரு சீட்டையும் தொடமாட்டேன்!"

"வேண்டாம் அண்ணே," என்றது பாலிமரேஸ், தலை நிமிராமல். "நீங்க செஞ்சதே போதும்."

படிகள் சுவரின் சிறு துளை வழியே ஒவ்வொன்றாக அடுத்த அறைக்கு நழுவின.

"வாங்காதே! யார் அனுப்பினதுன்னு கேளு!" என்று ரைபோசோம் அலறியது.

சுவருக்கு அப்பால், அதன் குரலைப் போலவே ஒரு குரல் சாவகாசமாகச் சொன்னது:

"அதுக்கென்ன, வேலைதானே. வா."