கல் மகரத்தின் தொண்டை

லலித்பூரில் எங்கள் வட்டாரத்துக் கற்குழாய் வறண்டு பதினோரு வருடமாகிறது. அது இருக்கும் படிக்கட்டுப் பள்ளத்தில், வெயில் ஏறிய நேரத்தில், லாரித் தண்ணீருக்காக மேலத்தெருவும் கீழத்தெருவும் மல்லுக்கு நிற்கிறோம். லாரியின் ரப்பர் குழாயை மேலத்தெரு சானுமையா விடாமல் பிடித்திருக்கிறாள். "என் மருமக புள்ள பெத்து நாலு நாளாச்சு, துணி அலச ஒரு சொட்டு இல்ல!" கீழத்தெரு ஹேராஷோபா குழாயைத் தன் பக்கம் இழுக்கிறாள். "எங்க வீட்ல மட்டும் ஆறா ஓடுது? விடுக்கா!" அப்போது கற்குழாயின் வாயாகச் சுவரில் பதித்த, முதலைமுகக் கல் மகரத்தின் தொண்டையில் ஏதோ செருமுகிறது. அதற்கு நீர் வரும் கால்வாய் மண்ணடியில் அடைபட்டிருந்தது. இரண்டு தெருவும் ஒரு மாதம் தோண்டிப் பார்த்து, நேற்றுதான் கைவிட்டிருந்தோம். முதலில் ஈரக்காற்று வருகிறது, பிறகு சேறு, பிறகு பாசி நாறும் தண்ணீர் விட்டுவிட்டு விழுந்து, மெல்லத் தெளிந்து, கை பருமனுள்ள தாரையாக நிலைக்கிறது. அதன்மேல் வெயில் பட்டு எதிர்ச்சுவரெங்கும் ஒளி நெளிகிறது. ஒருவரும் குடத்தை நீட்டவில்லை. கைவிட்ட ரப்பர் குழாய் தரையில் கிடந்து எங்கள் கால்களை நனைக்கிறது. ஹேராஷோபா செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் இரு கையிலும் தண்ணீரை ஏந்துகிறாள். குடிக்காமல் திரும்பி வந்து சானுமையாவிடம் நீட்டுகிறாள். "சில்லுனு இருக்குக்கா," என்கிறாள். சானுமையா குனிந்து, அந்தக் கைகளிலிருந்தே குடிக்கிறாள்.