தொள்ளாயிரம் பேர் பார்த்த கேக்

"தொள்ளாயிரம் தடவை நெட்ல போட்ட என் விளம்பரத்தைத் திறந்து பார்த்திருக்காங்க. ஒரு ஆர்டர்கூட வரலைங்க! என் கேக் யாருக்கும் பிடிக்கலை. இன்னிக்கே விட்டுடறேன்" என்றாள் டோரீன். லிங்கராஜபுரத்து வீட்டிலேயே கேக் செய்து விற்க ஆரம்பித்து ஒரு மாதம்தான் ஆகிறது.

"அவசரப்படாதே. அவங்க யாருன்னு உன் தங்கச்சி பார்த்துச் சொல்லட்டும்" என்றான் கணவன் கிளெமென்ட்.

ஐடி வேலையிலிருக்கும் தங்கை நிக்கோல் விளம்பரக் கணக்கைத் துருவினாள். பிறகு கிளெமென்டின் போனை வாங்கிப் பார்த்தவள் சிரித்துவிட்டாள்.

"எல்லாம் இந்த ஒரே போன்தான்கா! அத்தான் சர்ச் கொயர்ல பாடறதுக்காக இலவசமா இறக்கின பாட்டு ஆப், அவருக்கே தெரியாம உன் விளம்பரத்தைத் திறந்துக்கிட்டே இருந்திருக்கு. ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் விளம்பரத்துக்கு நீ கட்டின காசு ஆப்காரனுக்குப் போயிடுச்சு."

கிளெமென்ட் பயந்துபோய் மனைவியைப் பார்த்தான். அவள் முகமோ மலர்ந்திருந்தது.

"அப்போ என் கேக்கை இன்னும் யாருமே பார்க்கலையாடி?" என்றபடி ஏப்ரனைக் கட்டிக்கொண்டாள்.