ஏழாவது பக்கத்தில் பேச்சி

"நேத்து மூணாவது பக்கத்துல இருந்தாண்ணே. இன்னைக்கு ஏழாவது பக்கத்துக்குப் போயிட்டா."

வேன் காண்ட்ராக்டர் அண்ணாதுரை கையிலிருந்த டீயை மேசையில் வைத்தார். "யாரும்மா, சந்தனமாரி? இன்னா பக்கம்?"

"எங்கக்கா பேச்சி. இன்டர்நெட்டுல."

பேச்சி காணாமல் போய்ப் பதினோரு மாதம். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் அசெம்ப்ளி லைனில் நின்று வேலை பார்த்தவள். ஓவர்டைம் ஓவர்டைமாகப் பார்த்துத் தங்கையை டிகிரி படிக்க வைத்தவள். ஒரு நாள் ஷிப்ட் முடிந்து ஹாஸ்டலுக்குத் திரும்பவில்லை. "லவ் மேட்டரா இருக்கும், தானா வருவா" என்று ஸ்டேஷனில் சொல்லிவிட்டார்கள். சந்தனமாரி டிகிரியைத் தூக்கிக்கொண்டு கோவில்பட்டியிலிருந்து வந்து, அதே ஹாஸ்டலில் அக்காவின் அதே கட்டிலைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது உதவிய ஒரே ஆள் அண்ணாதுரை. பேச்சியின் ஷிப்ட் வேன்கள் அவருடையவை. வல்லக்கோட்டை வரை ஆள் அனுப்பித் தேடச் சொன்னார். போஸ்டர் அடித்துக் கொடுத்தார்.

"அவ பேர்ல ஒரு வெப்சைட்டு போட்டிருக்கேண்ணே. போட்டோ, அன்னைக்குக் கட்டியிருந்த துணி, என் நம்பரு, எல்லாம் அதுல இருக்கு."

"வெப்சைட்டா? நீ சொல்லித்தான் எனக்கே தெரியுது. முன்னாடியே சொல்லியிருந்தா நானும் பாத்துகினு இருந்திருப்பேன்ல?"

"யாருகிட்டயும் சொல்லல."

வாசலில் பீடி பிடித்துக்கொண்டிருந்த டிரைவர் மண்ணாங்கட்டி தலையை உள்ளே நீட்டினார். "அது இன்னாம்மா ஏழாவது பக்கம்? புஸ்தகமா?"

"இல்ல அண்ணாச்சி. அவ பேரையும் ஒரகடத்தையும் சேத்து அடிச்சுத் தேடுனா வரிசையா வரும், பக்கத்துக்குப் பத்து. மொதப் பக்கத்தத் தாண்டி எவன் பாக்கான்? அவளுக்கு மேல பூராவும் பிளாட்டு விளம்பரம். பிள்ளைப்பாக்கத்துல பிளாட்டு, பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்துல பிளாட்டு. நூறு பிளாட்டுக்கு அடியில கெடக்கா எங்கக்கா."

அண்ணாதுரை கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்டிலாம் சொல்லாதம்மா."

சொல்லாமல் எப்படி இருப்பது? நான்கு மாதமாக இதுதான் அவள் பிழைப்பு. காலையில் பார்த்தால் ஐந்தாவது பக்கம். தலைப்பை மாற்றி எழுதுவாள், இன்னொரு போட்டோவைச் சேர்ப்பாள். மூன்றுக்கு ஏறும். இரண்டே நாளில் எந்தக் காரணமும் இல்லாமல் ஏழுக்கு இறங்கிவிடும். ஒவ்வொரு முறை இறங்கும்போதும் அக்கா மண்ணுக்குள் இன்னும் ஒரு முழம் கீழே போவதுபோல் இருக்கும்.

இன்னொன்றும் இருந்தது. எந்த நாளில், எத்தனை மணிக்கு, எத்தனை தடவை பார்க்கப்பட்டது என்று காட்டும் கணக்கு ஒன்று அந்த வெப்சைட்டின் அடியில் ஓடியது. யார் கண்ணிலும் படாத ஏழாவது பக்கத்தில் பேச்சி கிடந்த நாளிலும், சந்தனமாரியே திறக்காத நாளிலும், சாயங்காலம் ஆறரைக்கு அந்தக் கணக்கில் ஒன்று கூடியது. ஒன்றே ஒன்று. அதை முதல்முதலாகக் கவனித்த அன்று அக்காவின் கட்டிலில் படுக்க அவளுக்குப் பயமாக இருந்தது.

"செரி, இப்ப நான் இன்னா பண்ணணும்?" என்றார் அண்ணாதுரை.

"ஒரு மாத்தம் பண்ணியிருக்கேண்ணே. ஏறிச்சா எறங்கிச்சான்னு பாக்கணும். பிரவுசிங் சென்டர்ல கரண்டு போயிட்டு, எப்ப வரும்னு எவனுக்கும் தெரியல. ஒங்ககிட்ட இன்வெர்ட்டர் இருக்குல்லா? ஒரு நிமிசத்துல பாத்துட்டுப் போயிருதேன்."

"என் கம்ப்யூட்டரா?" அண்ணாதுரை சிரித்தார். "என்னத் தவிர ஒருத்தன் கையும் அதும்மேல பட உடமாட்டேன். டியூட்டி சார்ட்டு எல்லாம் அதுலதான் கீது. நாளிக்கு கரண்டு வந்தா பாத்துக்கயேன்."

"குடுங்க மொதலாளி," என்றார் மண்ணாங்கட்டி. "கூடப் பொறந்தவள தேடிக்கினு அலையுது. உங்க கம்ப்யூட்டர துன்னுடவா போவுது?"

அண்ணாதுரை அவரை முறைத்தார். பிறகு வேறு வழியில்லாமல் எழுந்து நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார்.

சந்தனமாரி உட்கார்ந்தாள். அக்காவின் பெயர். ஒரு இடைவெளி. ஒரகடம். தட்டினாள்.

முதல் பக்கம். முதல் வரி. பேச்சி.

பிளாட்டுகள் எல்லாம் அவளுக்குக் கீழே கிடந்தன.

"மொதல்ல வந்துட்ச்சே!" மண்ணாங்கட்டி பீடியைக் கீழே போட்டுவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். "வல்லக்கோட்டையானே, கண்ண தொறந்துட்டப்பா!"

அண்ணாதுரையின் முகமும் தெளிந்தது. "பாத்தியா? என் கம்ப்யூட்டரு ராசி அப்டி. இனிமே ஊரே அவளப் பாக்கும். அழாதம்மா, அழாத."

அவள் அழவில்லை. திரையிலிருந்து கண்ணை எடுக்கவும் இல்லை.

"ஊரு பாக்காதுண்ணே. நான் ஒண்ணையும் மாத்தல, வெளியில அவ இன்னும் ஏழாவது பக்கத்துலதான் கெடக்கா. சிங்கப்பெருமாள் கோவில்ல இருந்து இங்க வரைக்கும் எழுபத்திரெண்டு கம்ப்யூட்டர்ல தேடிட்டேன். தெனமும் அவளத் தொறந்து பாக்குதவன் கம்ப்யூட்டர்ல மட்டுந்தான் அவ மொத ஆளா வந்து நிப்பா."