பாக்க முடியல

அலுவலகத்து இணையப் பக்கங்கள் எல்லாம் வெள்ளை வெளேரென்று இருந்தன. கண்ணுக்குள் பொருத்திய கணினித் திரை வில்லையில் நாள் முழுக்க அவற்றைப் பார்த்தே வேலை செய்யும் பரிதிக்குக் கண் கூசியது. வில்லையின் உலாவியில் டார்க் மோட் கருவி ஒன்றைச் சேர்த்துக்கொண்டான். "பாக்க முடியல" என்று வாய்விட்டுச் சொன்னால் போதும், எதுவானாலும் அது இருட்டாக்கிவிடும். ஒருமுறை இருட்டானது மறுபடி வெளிச்சத்துக்கு வராது என்பதை அவன் ஒரு குறையாகவே நினைக்கவில்லை.

மகள் செவ்வந்தி சிகிச்சை முடிந்து, மொட்டைத் தலையும் ஒட்டிய கன்னமுமாக வீட்டுக்கு வந்தாள். சமையலறையில் மனைவி கோமதியிடம் அவன் உடைந்துபோய்ச் சொன்னான். "புள்ளய இப்படிப் பாக்க முடியல, கோமு."

மறுநாள் காலை சாப்பாட்டு மேசை முன்னால், குழந்தை உயரத்துக்கு ஓர் இருட்டு உட்கார்ந்திருந்தது. இட்லித் துண்டு அதற்குள் போய் மறைந்தது.

"ஏம்ப்பா எங்கயோ பாத்துப் பேசுற?" என்றது இருட்டு, செவ்வந்தியின் குரலில்.

"உன்னத்தான்டா பாக்குறேன்."

வில்லையை எடுக்க அடுத்த மாதம்தான் நாள் கிடைத்தது. செவ்வந்திக்கு அடுத்த மாதம் என்று ஒன்று உண்டா என்பதை டாக்டர் இன்னும் சொல்லவில்லை.

விஷயத்தைக் கேட்டதும் கோமதி சுவரில் சாய்ந்து, வாய்விட்டு அழ ஆரம்பித்தாள். அவள் இப்படி அழுது அவன் கண்டதே இல்லை.

"அழாத கோமு, நீ அழுதா என்னால..." என்று தொடங்கியவன், சட்டென்று இரண்டு கைகளாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டான்.