பட்டியலில் சேராதவள்

"என் பேரை எழுதாதீங்க ரைட்டருங்களே. நான் யாரையும் தூக்க மாட்டேன்."

காளியாயி இப்படிப் பட்டென்று சொன்னதும், பள்ளிக்கூட முற்றத்தில் கூடியிருந்த செம்மநத்தத்துச் சனம் மொத்தமும் அவளைத் திரும்பிப் பார்த்தது.

அந்த வருஷம் ஐப்பசி மழை ஏமாற்றிவிட்டது. மாசி பிறப்பதற்குள் மலையெல்லாம் காய்ந்த புல். தீப்பிடித்தால் யார் யார் என்ன செய்வது என்று முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும் என்று ஊரைக் கூட்டியவர், எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் தேவசிகாமணி.

ஊருக்கு மேலே புல்லைச் செதுக்கித் தீக்கோடு போட ஆள் பிரித்தாயிற்று. ஆடுமாட்டை அவிழ்த்துவிடவும் ஆள் சொல்லியாயிற்று. நடக்க முடியாத ஐந்து பேரை மொட்டைப் பாறைக்குத் தூக்கிப் போவதுதான் பாக்கி. ஐந்து பேரையும் அவர் வாசித்தார். நாலு பேருக்கு ஆள் கிடைத்தது. ஐந்தாவது ஆளைத் தூக்கத்தான் அவர் காளியாயியைக் கேட்டிருந்தார்.

"காப்பி மூட்டையவே அசால்ட்டா தூக்கறவ நீ. சூசைமாணிக்கம் மெலிஞ்ச மனுசன். அவரத் தூக்க மாட்டியா?"

"மாட்டேனுங்க."

"ஏனாம்?"

"மாட்டேன்னா உடுங்களேன்."

"நெஞ்சழுத்தத்தப் பாத்தீங்களா!" என்று எகிறினான் பொன்னுவேல். "நாளைக்கு இவ ஊடு எரிஞ்சா நாம மட்டும் ஓடோணுமாக்கும்! எழுதுங்க ரைட்டரே, அவரை நான் தூக்கறேன்."

தேவசிகாமணிக்கும் மனசு கசந்துபோனது. அதற்கப்புறம் எதிரே வந்து அவள் கும்பிட்டாலும் அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போனார். தண்ணிக் குழாயடியில் ஒருத்தியும் அவளோடு பேசவில்லை. காளியாயியும் வாய் திறக்கவில்லை.

மூன்றாவது வாரம், ஒரு மத்தியானம். மேற்குச் சரிவில் புகை எழும்பியது. பள்ளிக்கூட மணியை விடாமல் அடித்தார்கள்.

பேசி வைத்தபடியே எல்லாம் நடந்தது. தேவசிகாமணி பச்சைத் தழையை ஒடித்துக்கொண்டு முதல் ஆளாகத் தீக்கோட்டுக்கு ஓடினார். ஆண்கள் வரிசையாக நின்று அடித்தார்கள். தீ கோட்டைத் தாண்டாமல் தணிந்து வந்தது.

அப்போதுதான் காற்று திரும்பியது. பொறி பறந்து போய் மேலத்தெருவில் தேவசிகாமணியின் வீட்டுக் கூரையில் விழுந்தது.

தேவசிகாமணி கையிலிருந்த தழையைக் கீழே போட்டார்.

அம்மா!

பக்கவாதம் வந்து ஒன்றரை வருஷமாகக் கட்டிலோடு கிடக்கும் அம்மா. வீட்டில் வேறு ஆளில்லை. 'நாம்தான் இருக்கிறோமே' என்று அம்மா பேரை அவர் பட்டியலிலேயே எழுதவில்லை. மணி அடித்த நிமிஷத்தில் அவருக்குத் தீயைத் தவிர வேறு நினைப்பும் வரவில்லை.

விழுந்தடித்துக்கொண்டு கீழே ஓடினார். கூரை பாதி எரிந்திருந்தது. உள்ளே பாய்ந்தார். கட்டில் வெறுமனே கிடந்தது.

"அம்மா! அம்மா!" என்று அலறிக்கொண்டே மொட்டைப் பாறைக்கு ஓடினார்.

அம்மா அங்கே உட்கார்ந்திருந்தாள். தோளில் சாய்த்துப் பிடித்தபடி, அவள் வாயில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள் காளியாயி. முழங்கையில் தோல் வழன்று சிவந்திருந்தது.

"ஒண்ணுமில்லீங்க. பயந்துட்டாங்க, அவ்ளோதான்."

தேவசிகாமணி அப்படியே பாறையில் உட்கார்ந்துவிட்டார்.

"நீ... எப்படிம்மா?"

"அன்னிக்கு வாசிச்சீங்கல்லங்க, அதுல உங்க அம்மா பேரு வரல. மணி அடிச்சா நீங்க மேல ஓடுவீங்கன்னு எனக்குத் தெரியுமுங்க. வேற ஒருத்தருக்கு ஒத்துக்கிட்டிருந்தா இவங்களுக்கு யாருங்க வருவா?"

"அத அன்னிக்கே கூட்டத்துல சொல்லியிருக்கலாமே காளியாயி! நாங்க அத்தன பேரும் உன்னப் பேசினமே..."

காளியாயி கிழவியின் முந்தானையைச் சரிசெய்தாள்.

"சொல்லியிருந்தா, 'ரைட்டரு தன் ஊட்டுக்குத்தான் மொதல்ல ஆள் வெச்சுக்கிட்டாரு'ன்னு உங்களப் பேசியிருப்பாங்க. அப்புறம் நீங்க போட்ட திட்டத்த எவனுங்க மதிச்சிருப்பான்?"