கரிக்கு மாடிக்காற்று

"நகராட்சி வீட்டுக்காரங்களா? குளிக்கிற தொட்டியில கரியைக் கொட்டி வைக்கிற கூட்டமாச்சே!"

பஸ்ஸில் முன் இருக்கையிலிருந்த இறகுத் தொப்பிக்காரி தன் தோழியிடம் சொன்னது, பின்னால் இருந்த மேவிஸ் பார்லோவின் காதில் விழுந்துவிட்டது.

மேவிஸ் எழுந்தே நின்றுவிட்டாள்.

"நான் நகராட்சி வீட்டுக்காரிதான். லார்ச் தெரு. எங்க குடியிருப்புல அப்படி ஒரே ஒருத்தரைக் காட்டுங்க பார்க்கலாம்!"

தொப்பிக்காரியால் காட்ட முடியவில்லை. இந்தக் கதையைச் சொல்கிற யாருமே கண்ணால் பார்த்தவர்கள் அல்லர். பார்த்தவரின் ஓரகத்தியைத்தான் பார்த்திருப்பார்கள்.

லார்ச் மரங்களை வெட்டிவிட்டு வாடகைக்கு வீடுகளைக் கட்டி, அந்த ஞாபகத்துக்கு லார்ச் தெரு என்று நகராட்சி பெயர் வைத்த இடம் அது. போரில் குண்டு விழுந்த தெருவிலிருந்து மேவிஸ் அங்கே குடிவந்திருந்தாள். பழைய வீட்டில் அடுப்படியில் தகரத் தொட்டியைப் போட்டு, ஒரே தண்ணீரில் குடும்பமே முறைவைத்துக் குளிக்கும். இங்கே மாடியில் தனிக் குளியலறை, வெள்ளைவெளேரென்று தொட்டி, குழாயைத் திருகினால் வெந்நீர். வந்தவர்களை டீ கொடுப்பதற்கு முன்பே மாடிக்கு அழைத்துப்போய்த் தொட்டியைக் காட்டிவிடுவாள்.

புறா வளர்க்கக் கூடாது என்பது நகராட்சி விதி. கணவன் வில்ஃபின் புறாக்களை விற்கச் சொன்னவளும் மேவிஸ்தான். அவன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு தேறிவிட்டான். இப்போதெல்லாம் 'சும்மா ஒரு நடை' போய்விட்டு விசிலடித்துக்கொண்டு வருகிறான்.

அன்று அவள் வீடு திரும்பிக் கோட்டைக் கழற்றும்போது, பக்கத்து வீட்டுச் சுவருக்குப் பின்னால், மாடியில், கடகடவென்று ஏதோ சரிந்தது.

"வில்ஃப்! பக்கத்து வீட்டு டிபிள் கரியைக் குளியல் தொட்டியில கொட்டறான்!"

"சேச்சே. அலமாரியை நகர்த்துவான்."

"வாளியோட உள்ளே போனதை இப்பத்தானே பார்த்தேன்! சனிக்கிழமையானா துண்டைச் சுருட்டி அக்குள்ல வெச்சுக்கிட்டு எங்க போறான்? பொதுக் குளியல் கூடத்துக்கு! வீட்டுல தொட்டி இருக்கறவன் காசு குடுத்துக் குளிப்பானா?"

வில்ஃப் செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தான். "நல்ல மனுஷன் மேவிஸ்."

"நல்லவனா இருக்கட்டும். நாளைக்கு அந்தத் தொப்பிக்காரி வந்து எட்டிப் பார்த்தா என் மூஞ்சியை எங்க வெச்சுக்கறது?"

மறுநாள் வேலியோரம் டிபிளைப் பிடித்துவிட்டாள். ஆமோஸ் டிபிள் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். மனைவி இல்லை.

"மிஸ்டர் டிபிள், பின்பக்கம் கரி வைக்கன்னே கொட்டில் கட்டிக் குடுத்திருக்காங்களே, அதுல இடமில்லையா?"

டிபிள் காதுவரை சிவந்தான். "கரிக்கு மாடிக்காத்து நல்லதுங்க, மிஸஸ் பார்லோ. கொட்டில்ல கிடந்தா இருமுது."

"செவ்வாய்க்கிழமை வாடகை வாங்க வர்ற அம்மாகிட்ட இதையே சொல்லுங்க. வீட்டைக் காலி பண்ணச் சொல்லட்டும். அப்புறம் எங்க போய் இருமுதுன்னு பார்ப்போம்!"

டிபிள் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குள் போய்விட்டான்.

சனிக்கிழமை அவன் துண்டோடு கிளம்பியதும், மேவிஸ் அவன் வீட்டுப் பின்பக்கம் போனாள். கொட்டில் காலியாகக் கிடப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டால் போதும், புகாருக்கு வலு வந்துவிடும்.

கொட்டிலுக்குள் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள்.

"மேவிஸைத் தப்பா நினைக்காதடி கண்ணு. எல்லாரும் குளிச்ச அழுக்குத் தண்ணியில கடைசி ஆளா குளிச்சு அலுத்துப்போனவ. இந்த வீட்டை விட்டா வேற எதையும் ஆசைப்பட்டுக் கேட்டதில்ல. அவகிட்ட போய், உங்களை விக்க மனசு வரலைன்னு எப்படிச் சொல்லுவேன்? டிபிள்தான் பாவம். உங்களுக்கு இடத்தைக் குடுத்துட்டு, அவகிட்ட திட்டும் வாங்கறான். எனக்குக் குடுத்த வாக்குக்காக வாயே திறக்க மாட்டேங்கறான்."

மேவிஸ் கதவிடுக்கில் பார்த்தாள். கவிழ்த்த வாளிமேல் வில்ஃப். தோளில் ஒரு புறா, மடியில் ஒரு புறா. புது வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவன் முகத்தில் அப்படியொரு சிரிப்பை அவள் பார்த்ததே இல்லை.

கதவைத் திறந்தாள். வில்ஃப் எழுந்த வேகத்தில் கூரை தலையில் இடித்தது.

"ஏன், இதுகளுக்கு நம்ம கொட்டில்ல இடமில்லையாமா?"

"மேவிஸ்... நம்ம கொட்டில்ல கரி இருக்கே..."

"கரிக்கு மாடிக்காத்து நல்லதாம். டிபிள் சொன்னான். வாளியை எடு."

செவ்வாய்க்கிழமை வந்த வாடகை அம்மாவிடம் மேவிஸ் சொன்ன புகார் ஒன்றுதான்: பக்கத்து வீட்டுக்காரர் இப்போதெல்லாம் குளித்துக்கொண்டே பாடுகிறார், சுருதி சேரவில்லை.

அடுத்த சனிக்கிழமை, பஸ்ஸில், அதே இறகுத் தொப்பி. அதே பேச்சு.

மேவிஸ் எழுந்தாள். "அப்படி ஒரே ஒருத்தரைக் காட்டுங்க பார்க்கலாம்!"

"பொதுக் குளியல் கூடம்! இறங்கறவங்க இறங்குங்க!" என்று கத்தினார் கண்டக்டர்.

சுருட்டிய துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, மேவிஸ் தலைநிமிர்ந்து இறங்கிப் போனாள்.